மாட்டுப்பட்டிக்குள் கால் வைத்த தலைவி

முன்வரிசையில் கம்பளி போர்த்தி அமர்ந்திருக்கும் தலைவர் த்லாலி அவர்களே! அவருக்கு வலப்பக்கத்தில் வேதப் புத்தகத்தை மடியில் வைத்திருக்கும் போதகர் ஐயா அவர்களே! அணை அலுவலகத்திலிருந்து வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் கடைசி நாற்காலியில் ஒதுங்கியிருக்கும் தம்பி அவர்களே! முதலைக் குலத்தாரே! சிங்கக் குலத்தாரே! பனிமூட்டக் குலத்தாரே! பாயில் கறுப்புத் துணி போர்த்து அமர்ந்திருக்கும் மகள் ந்தோஃபீலாவே! உங்கள் எல்லோருக்கும் முதலைக் குலத்து லெபூசாவின் வணக்கம்.

எனக்குக் கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார்கள். எண்பத்தாறு வயதுக்காரனுக்குக் கால் மணி நேரம் என்பது இருமி முடிப்பதற்கே போதாது. ஆனாலும் பேசுகிறேன். நம் மன்றத்தில் கோணல் வாய்க்காரனும் பேசலாம் என்பது முன்னோர் வைத்த சட்டம். இன்றைக்கு அந்தக் கோணல் வாய் என்னுடையது.

சாவு எல்லா வீட்டுக்கும் மருமகள் என்று நாம் சொல்கிறோம். அவள் வராத வாசல் உண்டா? அவளுக்கு அடுப்பைக் காட்டாத வீடு உண்டா? அந்த மருமகள் புதன்கிழமை காலை நம் தலைவி மாந்தோஃபீலாவின் வீட்டுக்குள் நுழைந்தாள். அடுப்பில் கூழ் இருந்தது. கிண்டும் கோல் அதிலேயே நின்றது. பக்கத்தில் யாருமே இல்லை! அணைத் தண்ணீரில் மூழ்க இருந்த ஓர் ஊரையே இங்கே கொண்டுவந்து குடிவைத்த தலைவிக்கு, உயிர் போகும்போது தண்ணீர் கொடுக்க ஓர் ஆள் இல்லை! இது யாருடைய வெட்கம்? அவளுடையதா? நம்முடையதா?

யார் இந்த மாந்தோஃபீலா? இங்கே இருக்கும் பாதிப் பேர் அணைக்குப் பிறகு பிறந்தவர்கள். உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் கோடி வீட்டுக் கிழவி. எதிரே வந்தால் நீங்கள் பாதை மாறிப் போன கிழவி. எனக்குத் தெரிந்தவள் வேறு.

நம் பழைய தலைவருக்கு மணப்பெண்ணாக அவளைக் கொண்டுவரப் பரிச மாடுகளை ஓட்டிப் போனவன் நான். இருபது மாடு, பத்து ஆடு, ஒரு குதிரை. கூட வந்த மற்றவர்கள் எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டார்கள். சமவெளியில் அவள் தகப்பனார் மாடுகளின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம், "மலைக்காரங்க மாடெல்லாம் உன்ன மாதிரியே எலும்புதான் தம்பி" என்றார். பின்னால் நின்ற அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மணப்பெண் சிரிக்கக் கூடாது. அவள் சிரித்தாள்.

நம் ஊருக்கு வந்து இரண்டு பிள்ளைகள் பெற்றாள். இரண்டும் ஒரே குளிர்காலத்தில் போயின. மூன்றாவது பிறந்தபோது, சாவுக்கு ஆசை வரக் கூடாது என்று, நம் வழக்கப்படி "வெறும் சாமான்" என்று பெயர் வைத்தார்கள். அதுதான் ந்தோஃபீலா. அந்தப் பிள்ளையின் தாய் என்பதால் இவள் மாந்தோஃபீலா. சாவு ஏமாந்தது, பிள்ளை பிழைத்தது. ஆனால் சாவு வெறுங்கையோடு திரும்புமா? சுரங்கத் தூசியை நெஞ்சில் சுமந்து வந்த கணவரை, நம் தலைவரை, எடுத்துக்கொண்டது. ஆண் வாரிசு இல்லை. அவர் தம்பி த்லாலி அப்போது சுரங்க வேலையில் இருந்தார். அதனால் இந்தப் பெண் தலைமைக் கல்லில் உட்கார்ந்தாள்.

சிரித்தோம் ஐயா! நாங்கள் எல்லோரும் சிரித்தோம். "பாவாட கட்டுன தலைவரு" என்றோம். முதல் வழக்கிலேயே சிரிப்பு அடங்கியது. திருடு போன எருது வழக்கு அது. காலையிலேயே சோள பீர் குடித்துவிட்டு வந்த ஒருவன் எழுந்து உளறினான். உட்கார வைக்கப் பார்த்தோம். அவள் விடவில்லை. "பேசட்டும். குடிச்சவன் வாயில பொய் நிக்காது, வழுக்கிடும்" என்றாள். மத்தியானம் வரை உளறினான். கடைசியில் எருது எந்தப் பள்ளத்தில் கட்டியிருக்கிறது என்பதையும் உளறினான். அவளுடைய ஆட்சி அப்படிப்பட்டது. யார் வாயையும் அவள் மூடியதில்லை. மூடிய வாயைத் திறக்க வைத்தாள். என் வாயைத் தவிர!

அவையோரே! இனி நான் சொல்லப் போவதைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அணை வருகிறது என்று சொன்ன வருடம், நோட்டுப் புத்தகத்தோடு ஓர் அலுவலர் வந்தார். வீடு எண்ணினார், மரம் எண்ணினார், பீச் மரத்துக்குத் தனிக் கணக்கு, வேலிக்குத் தனிக் கணக்கு. பிறகு, "கல்லறைகள் எத்தனை?" என்று கேட்டார். இடுகாட்டில் கல் நட்டவற்றைக் காட்டினோம். "வேறே?" என்றார். "வேறே இல்லை" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே, "முதலைக் குலம்தானே நீங்க? உங்களுக்குத் தண்ணி புதுசா என்ன?" என்றார். நாங்களும் சிரித்தோம்.

பொய் சொன்னோம் ஐயா. ஒருவர் இருவர் அல்ல, ஆண்கள் அத்தனை பேரும். நம் பெரிய மனிதர்கள் இடுகாட்டிலா கிடந்தார்கள்? அவர்கள் கல் கட்டிய மாட்டுப்பட்டிக்குள், சுவரடியில், முழங்காலைக் கட்டி, கிழக்கே சூரியனைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கையில் சோள விதை, பூசணி விதை. மேலே மாடுகள் மிதித்து மிதித்துத் தடமே தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் வழக்கம். கெட்டவன் அறிந்தால் எலும்பைத் தோண்டி மருந்துக்கு விற்பான். அதனால் அந்த இடத்தை மகனுக்கு மட்டும் சொல்வார்கள். மகன் அயலானுக்குச் சொல்ல மாட்டான். பெண்ணுக்குச் சொல்லவே மாட்டான். பட்டிக்குள் பெண் கால் வைக்கவும் கூடாது. இப்படித்தான் காத்தோம். காக்கிறோம் காக்கிறோம் என்று நம் தகப்பன்மாரைத் தண்ணீருக்குக் கொடுக்க இருந்தோம்.

மாந்தோஃபீலா என்ன செய்தாள் தெரியுமா? யாரிடமும் கேட்கவில்லை. இடுகாட்டுக்குப் போய்க் கற்களை எண்ணினாள். மறுநாள் ஊரைக் கூட்டினாள்.

"பொம்பளைங்க கல்லு நாப்பத்து மூணு. ஆம்பளைங்க கல்லு பத்தொம்பது. ஏன் ஐயா, நம்ம ஊரு ஆம்பளைங்க சாகறதே இல்லையா? இல்ல, உசுரோட வானத்துக்கு ஏறிட்டாங்களா?" என்றாள்.

பெண்கள் பக்கம் சிரிப்பு. "சுரங்கத்துல செத்தவங்க அங்கேயே கெடக்கறாங்க தாயி" என்றார் ஒருவர்.

"உங்க பாட்டனாரும் சுரங்கத்துலயா? அவரு காலத்துல சுரங்கம் எங்கே இருந்துச்சு, அவரு தாடியிலயா?"

சிரிப்பு நின்றது. ஆண்களின் கண்கள் தாமாகப் பட்டிப் பக்கம் திரும்பின. அவள் எழுந்தாள். தலைமைப் பட்டியின் வாசலுக்கு நடந்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்க, அந்தப் பெண் உள்ளே கால் வைத்தாள்! பெரியவர் ஒருவர் கம்பை வீசினார். அது அவள் தோளில் பட்டது. அவள் திரும்பவில்லை. சாணியின் நடுவில் நின்றுகொண்டு சொன்னாள்:

"வழக்கத்த மீறிட்டேன். தண்டம் போடுங்க, கட்டறேன். ஆனா கேட்டுக்குங்க. நான் உள்ள வந்தா பட்டிக்குத் தீட்டு. தண்ணி உள்ள வந்தா? மீனு வந்து உங்க அப்பனுங்க கண்ணுக் குழியில குடியிருக்கும். எது பெரிய தீட்டு? யாரு எங்க இருக்காங்கன்னு காட்டுங்க. காட்டலேன்னா நானே தோண்டறேன். கெழக்குச் சுவர்லேருந்து ஆரம்பிக்கறேன்."

யார் முதலில் அசைந்தது? கம்பை வீசினாரே, அதே பெரியவர். அழுதுகொண்டே வந்து, காலால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அன்று மாலைக்குள் பத்துப் பேர் பத்து இடங்களைக் காட்டினார்கள். அந்தப் பத்துப் பெரியவர்களும் இன்று இந்த மேட்டில், அவள் கணவரோடு, தலைவர் வரிசையில் இருக்கிறார்கள். வெள்ளாடு வெட்டி, பெயர் சொல்லி, ஒவ்வொருவரையும் கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்தோம். அவர்கள் இங்கே இருப்பது யாரால்? சொல்லுங்கள், யாரால்?

பதினொன்றாவதாக என் முறை வந்தது. "லெபூசா அண்ணே, உங்க அப்பா?" என்றாள்.

"சுரங்கத்துல செத்தாரு" என்றேன். "அங்கேயே பொதைச்சுட்டாங்க."

அது பொய்.

ஆம், அந்த ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ராமாட்லா, உன் காதில் விழுந்தது சரிதான். காதில் வைத்த கையை எடு. அது பொய். என் தகப்பனார் செஞானே சுரங்கத்தையே பார்த்ததில்லை. நம் பழைய ஊரில், என் கையில் தலை வைத்துச் செத்தார். அது நடந்து ஐம்பது வருடம் ஆகியிருந்ததால், அறிந்தவர் எவரும் மிச்சமில்லை. உயிர் போகும்முன், "போதகரோட கல்லறைத் தோட்டத்துல என்னப் போடாத. என் மாடுங்க என் மேல நடக்கட்டும். எடத்தச் சொன்னா என் எலும்ப வித்த மாதிரி" என்றார். நாக்கைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். பத்தொன்பது வயதில் செய்த சத்தியம். பத்துப் பேர் அவரவர் சத்தியத்தை உடைத்தபோது, நான் மட்டும் பெரிய யோக்கியன் என்று மார்தட்டிக்கொண்டேன். தனியாக வந்து நானே தோண்டி எடுத்துக்கொள்கிறேன், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். சோளம் அறுத்த பிறகுதான் தண்ணீர் பட்டிவரை ஏறும் என்று சொல்லியிருந்தார்கள். அறுப்பு முடியட்டும் என்று இருந்தேன்.

அந்த வருடக் கோடை மழை சொன்ன பேச்சைக் கேட்டதா? பதினோரு நாள் கொட்டியது. மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு பழைய ஊருக்கு ஓடினேன். எங்கள் மேலைப் பட்டி இல்லை. சுவரின் மேற்கல் மட்டும் கோடு போட்டதுபோல் தெரிந்தது. காய்ந்த சாணியும் வைக்கோலும் மிதந்தன. இறங்கினேன். முழங்கால், இடுப்பு, மார்பு. காலால் துழாவினேன். சேறு. என் அப்பா அந்தச் சேற்றுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறார். நான் மேலே நிற்கிறேன்.

"அண்ணே, மேல வாங்க" என்று கரையிலிருந்து குரல். அவள்தான். கைவிட்ட வீடுகளில் யாராவது தங்கிவிட்டார்களா என்று பார்க்க வந்திருக்கிறாள்.

"மாடு ஒண்ணு காணோம் தாயி" என்றேன்.

"மாடு தேட மண்வெட்டி எதுக்கு?"

அவள் தண்ணீரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"யாரு?" என்றாள்.

"அப்பா."

அவள் திட்டியிருக்கலாம். ஊரைக் கூப்பிட்டிருக்கலாம். நான் கரையேறியதும் தன் கம்பளியை உருவி என் மேல் போர்த்தினாள். "சொல்லிடாத தாயி" என்று அவள் காலைப் பிடித்தேன். நான், முதலைக் குலத்து ஆண், அவள் காலைப் பிடித்தேன்!

"இனி சொல்லி என்ன ஆகப் போவுது?" என்றாள். "அப்பன தண்ணியில விட்டவன்னு உங்க பேரப் புள்ளைங்க வரைக்கும் பேரு வந்துடும். எந்திரிங்க. பல்லு கிட்டுது. கூழு குடிங்க வாங்க."

இவ்வளவுதான் பேசினாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. இந்தப் புது ஊருக்கு வந்த மூன்றாம் வருடம் மாடுகள் செத்தன. கன்றுகள் வயிற்றிலேயே செத்தன. எலும்பு உருட்டிக் குறி சொல்பவரைக் கூப்பிட்டோம். "ஒருத்தன் தண்ணிக்கு அடியில உக்காந்திருக்கான். முழங்கால் நனஞ்சிருக்கு" என்றார். யார் என்று சொல்லவில்லை. ஊர் யாரைப் பிடித்தது? எண்ணியவளைப் பிடித்தது. "பட்டிய மிதிச்சவதானே! அணைக்காரங்ககிட்ட எதையோ வாங்கிட்டுக் கணக்கக் கொறச்சுட்டா!" என்றது.

மூன்று முறை மன்றத்தில் நிறுத்தினார்கள். மூன்று முறையும் ஒரே கேள்வி: "விட்டது யாரை?" மூன்று முறையும் ஒரே பதில்: "எண்ணினது நான். தப்பும் என்னோடது." நான் எங்கே இருந்தேன்? அவளுக்கு எதிரே, ஏழு அடி தள்ளி, கல்லில் உட்கார்ந்து மூக்குப் பொடி போட்டுக்கொண்டிருந்தேன்! தலைமைக் கல்லிலிருந்து அவளை இறக்கியபோது ஆமாம் என்று தலையாட்டினவர்களில் நானும் ஒருவன். பதினான்கு வருடம் அவளிடம் நெருப்புக் கேட்டு யாரும் போகவில்லை. பீர் காய்ச்சும் வீட்டில் அவளைச் சேர்க்கவில்லை. என்னை வழியில் பார்த்தால் மட்டும், "அண்ணே, சாப்டீங்களா?" என்பாள். அவள் ஒரு முறை காறித் துப்பியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

குற்றம் அழுகுவதில்லை என்று நாம் சொல்கிறோம். எதுவும் அழுகும். பிணம் அழுகும், மரம் அழுகும், கல்கூட ஒரு நாள் உதிரும். குற்றம் அழுகாது. பதினேழு வருடம் தண்ணீரில் ஊறியும் என் குற்றம் அழுகவில்லை.

என்ன கேட்கிறாய், ராமாட்லா? எழுந்து நின்று கேள்.

"இத்தன வருஷம் வாயில என்ன வச்சிருந்தீரு?" என்கிறான். நல்ல கேள்வி. பயம் வைத்திருந்தேன். முதலில் அப்பாவுக்குப் பயம். பிறகு ஊருக்குப் பயம். கடைசியில், அவள் சுமந்து பழகிவிட்டாள், இன்னும் கொஞ்சம் சுமக்கட்டும் என்கிற சுகம். பயத்தைவிட அந்தச் சுகம் கேவலமானது.

தலைவர் த்லாலி அவர்களே! இன்று காலை நீங்கள் ஒரு தீர்ப்புச் சொன்னீர்கள். பட்டியை மிதித்தவளுக்கு, ஒரு பெரியவரைத் தண்ணீரில் விட்டவளுக்கு, தலைவர் வரிசையில் இடமில்லை. பிறந்த ஊருக்கே அனுப்பி வையுங்கள் என்றீர்கள். வண்டியும் வாசலில் நிற்கிறது. நீங்கள் அறிந்த கணக்குக்கு அந்தத் தீர்ப்பு சரி. ஆனால் அந்தக் கணக்கே பொய்க் கணக்கு. தண்ணீரில் விட்டவன் நான். அவள் அல்ல, அவள் அல்ல, அவள் அல்ல!

மாடு கொடுத்துக் கொண்டுவந்த பெண், அந்த மாட்டைக் கொடுத்த வீட்டின் மண்ணுக்கு உரியவள். இருபது மாட்டையும் ஓட்டிப் போனவன் இதோ உயிரோடு நிற்கிறேன். அவளைத் திருப்பி அனுப்பினால், அவள் தகப்பன் வீட்டார் என்ன கேட்பார்கள்? "என்னய்யா, கன்னு போட்ட பசுவ எலும்பாக்கித் திருப்பறீங்களா?" என்பார்கள். அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

என்னை விசாரியுங்கள். அவளை மண்ணில் வைத்த மறுநாள், அவள் நின்ற அதே இடத்தில் வந்து நிற்கிறேன். மூன்று முறை அல்ல, முப்பது முறை கேளுங்கள். என் மாடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கோடி வீட்டுக்கு அனுப்புங்கள். ஆனால் அவளை வண்டியில் ஏற்றாதீர்கள்.

தொப்பியைக் கழற்றுகிறீர்கள் தலைவரே. அது வெயிலுக்கா, அவளுக்கா? எனக்குக் கண் மங்கல். வாயால் சொல்லுங்கள்.

கேட்டீர்களா அவையோரே? பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்டதா? "வண்டிக்காரன அனுப்பிடுங்க. அண்ணிக்கு அண்ணன் பக்கத்துல எடம் பாருங்க" என்கிறார். அண்ணி என்கிறார்! பதினான்கு வருடத்துக்குப் பிறகு! உயிரோடு இருந்தபோது ஒரு முறை அப்படிக் கூப்பிட்டிருக்கக் கூடாதா ஐயா? கோபிக்காதீர்கள். உங்களைவிட அதிகமாக அந்தக் கேள்வி என்னைத்தான் குத்துகிறது.

மகளே ந்தோஃபீலா! உன் தாயின் முகத்தில் பூசிய சேறு என் கைச் சேறு. நீ என்னை மன்னிக்க வேண்டாம். இந்தக் கூட்டத்தில் அதைக் கேட்டு உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

இன்னும் ஒரு வேலை மிச்சம். அணைச் சுவரை உயர்த்தப் போகிறார்கள். மேல் பள்ளத்தாக்கில் இன்னும் மூன்று ஊர் மூழ்கப் போகிறது. போன மாதம் அங்கேயும் நோட்டோடு போய்க் கேட்டிருக்கிறார்கள். அங்கே இருக்கும் கிழவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? "வேறே இல்லை" என்றுதான். எனக்குத் தெரியும், நானும் அப்படிச் சொன்னவன். தம்பி, கடைசி நாற்காலித் தம்பி, நோட்டைத் திறங்கள். எனக்கு எழுதத் தெரியாது, நீங்கள் எழுதுங்கள். செஞானே, முதலைக் குலம், பழைய ஊர், மேலைப் பட்டி, கிழக்குச் சுவர், வாசலிலிருந்து ஏழாவது கல்லுக்குக் கீழே. எழுதிவிட்டீர்களா? சத்தமாகப் படியுங்கள். ஆம். அதுதான் என் அப்பா. சத்தியத்தை உடைத்துவிட்டேன். உடைக்க வேண்டிய நாளில் உடைக்காமல், பிரயோசனம் இல்லாத நாளில் உடைத்திருக்கிறேன்.

தலைவி மாந்தோஃபீலாவின் பெயரால், இந்தச் சபை அறியச் சொல்கிறேன். மன்றம் என்னை விசாரித்து முடித்த அன்றே மேல் பள்ளத்தாக்குக்குக் கிளம்புவேன். குதிரை தாங்கினால் குதிரையில், தாங்காவிட்டால் கம்பூன்றி. ஒவ்வொரு பட்டி வாசலிலும் நிற்பேன். நம் ஊர் ஆண்கள் சாவதே இல்லையா என்று அவள் கேட்டதைக் கேட்பேன். கம்பை வீசினால் தோளைக் காட்டுவேன். ஒரு தகப்பன்கூட இனி தண்ணீருக்கு அடியில் உட்காரக் கூடாது. கூட வருகிறவர்கள் வாருங்கள். யாரும் வராவிட்டாலும் போவேன்.

பேச்சை முடிக்கும்போது "மழை பெய்க" என்று வாழ்த்துவது நம் வழக்கம். எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. உங்களுக்கு வந்தால் நீங்கள் சொல்லுங்கள். தலைவர் வரிசையில் மண் கெட்டியாக இருக்கிறது. முதல் வெட்டு என்னுடையது. கடப்பாரையைக் கொடுங்கள்.